நாலாவது கொக்கி

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கடிதம் எழுதக்கூட ஆளில்லாத ஒருவன் கொப்பித் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு இருக்கிறேனே என்று எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. வாயால் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு ஆளுக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இதைச் சொல்லி முடிக்கும் துணிவு எனக்கு வரவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள், நடந்ததை நடந்தபடி விட்டிருக்கிறேன்.

பேய், பிசாசு, முனி என்று சொல்வதில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. சுடலை ஒழுங்கையால் தனியே சைக்கிளில் எத்தனையோ தரம் வந்திருக்கிறேன், ஒன்றும் வந்து மறிக்கவில்லை. இரும்பு, கல், மரம், இவற்றோடு புழங்குகிறவன் நான். எது எவ்வளவு பாரம் தாங்கும், எது தாங்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் அந்த நாள் இன்னும் என்னை விடாமல் இருக்கிறது.

என் தொழில் சுவரிலும் முகட்டிலும் சாமான் பொருத்துவது. மேசன் சுவர் கட்டுவான், தச்சன் கதவு போடுவான், வயரிங் வேலைக்காரர் கம்பி இழுப்பார்கள், எல்லோரும் போன பிறகு மணிக்கூட்டுக்கு ஓர் ஆணி, சாமித் தட்டுக்கு இரண்டு பிராக்கெட், கைகழுவும் பேசினுக்கு இரும்புக் கை, திரைச்சீலைக்குக் கொக்கி என்று மிஞ்சிக் கிடக்கும் வேலைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். சின்ன வேலைதான். ஆனால் எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுவரில் சும்மா ஆணி அடித்தால் மணல்தான் கொட்டும், ஆணி நிற்காது. உளியால் சதுரமாகத் துளை எடுத்து, வைரமான பனஞ்சலாகையில் ஆப்புச் சீவி இறுக்கி, அந்த ஆப்பில்தான் திருகாணியை ஏற்ற வேண்டும். நான் ஏற்றியவை இன்றைக்கும் நிற்கின்றன, பெருமைக்காகச் சொல்லவில்லை.

எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் முகட்டைத்தான் பார்ப்பேன். மருதனார்மடம் சந்தியில் சைக்கிள் திருத்தும் ஞானம் அண்ணை அதைச் சொல்லிச் சொல்லியே என்னைப் பகிடி பண்ணுவார். "டேய், உனக்குப் பொம்பிளை பாக்கப் போனா நாங்கள் பொம்பிளையை முகட்டிலை கட்டித் தொங்கவிடோணும், அப்பதான் நீ பாப்பாய்" என்பார். கலியாணமும் நடக்கவில்லை. அம்மா போன பிறகு ஒற்றை அறையில் நான் தனி.

எண்பத்துநாலாம் ஆண்டு புத்தூரில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் கொங்கிறீற் முகடு போட்டு வீடு கட்டினார். மூன்று அறை, ஒரு நடு ஹோல், நாலுக்கும் மின்விசிறி. கொங்கிறீற் முகட்டில் மின்விசிறிக் கொக்கி வைப்பதற்கு ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. கொங்கிறீற் கொட்டுவதற்கு முன்னமே கொக்கியின் இரண்டு கையையும் கம்பிக் கூட்டுக்கு மேலால் வளைத்துக் கட்டிவிட வேண்டும். பிறகு கொங்கிறீற் இறுகினால் கொக்கியும் முகடும் ஒன்றுதான், யானையையும் கட்டலாம். நான் முதல் நாள் பின்னேரம் மூன்று அறைக்கும் மூன்று கொக்கி கட்டிவிட்டேன். நாலாவதுக்கு இரும்புக் கம்பி போதாமல் போய்விட்டது. மறுநாள் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குத்தான் கொட்டத் தொடங்குவார்கள் என்றபடியால், இரவு வீட்டில் வளைத்து எடுத்துக்கொண்டு காலையில் வருகிறேன் என்று மேசனிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

சனிக்கிழமை ஒன்பது மணி ராகு காலம். அதை ஆரோ இரவு தபாலதிபர் ஐயாவுக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள். ஆறரைக்கு நல்ல நேரம் என்று மாற்றிவிட்டார்கள். எனக்குச் சொல்ல ஆர் வருவார்? நான் ஏழு மணிக்குச் சைக்கிளில் கொக்கியோடு போய் இறங்கினால், நடு ஹோலுக்கு மேல் கொங்கிறீற் விழுந்து மட்டப்பலகையும் இழுத்தாகிவிட்டது.

அப்போதும் காலம் கடக்கவில்லை. கொங்கிறீற் ஈரமாகத்தான் இருந்தது. "நிப்பாட்டுங்கோ, இஞ்சை ஒரு கொக்கி வைக்கோணும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு முழ அகலத்துக்குத் தோண்டி வைத்திருக்கலாம். முப்பது நாற்பது பேர் நின்றார்கள். ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் பொங்கல் புக்கை கொடுத்துக்கொண்டு நின்றார். நல்ல நேரத்தில் முதல் முதல் போட்ட இடம் அது, அதைத் தோண்டச் சொல்வது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதும் பொய், அத்தனை பேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்குப் பயம், அவ்வளவுதான். கொக்கியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, தந்த புக்கையைச் சாப்பிட்டேன்.

மூன்று கிழமை கழித்துப் பலகை கழற்றியதும், ஆளில்லாத நேரம் பார்த்துப் போய், நடு ஹோலில் கீழிருந்து உளியால் மூன்று அங்குலம் துளைத்து, அந்தக் கொக்கியின் கைகளை வெட்டி நேராக்கிச் செருகி, சீமெந்துக் களி வைத்து அடைத்தேன். மேலே வெள்ளை அடித்ததும் நாலும் ஒரே மாதிரித் தெரிந்தன. உள்ளே எதையும் பிடிக்காமல் வெறும் களியில் நிற்கிற கொக்கி அது. எனக்கு மட்டும் தெரியும்.

அது மின்விசிறியைத் தாங்கியது. விசிறி ஒரே இடத்தில் ஒரே பாரத்தோடு தொங்குகிற சாமான், அதனால் தாங்கியது. ஆனாலும் அந்தப் பக்கம் போய்வருகிற ஆரைக் கண்டாலும் சுற்றி வளைத்து அந்த வீட்டைப் பற்றி விசாரிப்பேன். மழைக் காலத்தில் ஈரம் இறங்குமே என்று நினைப்பேன். ஒரு தரம் அந்த விசிறி ஐயாவின் சாப்பாட்டு மேசையில் விழுவதாகக் கனவு கண்டு எழும்பி விடியுமட்டும் இருந்தேன்.

பிறகு தொண்ணூறில் சண்டை மூண்டு கரண்ட் போனது. போனது போனதுதான். ஐயாவும் மனைவியும் மூன்று அறைகளையும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார்கள், விசிறிகளையும் கழற்றி விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வேலை இல்லாமல் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டியவன், அன்றைக்கு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

கரண்ட் இல்லாத ஊரில் என் தொழிலுக்கு என்ன மிச்சம்? ஜாம் போத்தல் விளக்குத் தொங்கவிட ஓர் ஆணி என்று எப்போதாவது ஆரும் கேட்பார்கள். ஆட்களும் குறைந்துகொண்டு வந்தார்கள். பின்னேரங்களில் சைக்கிளில் சும்மா சுற்றுவேன். ஆளில்லாத வீடுகளின் திறந்த யன்னலால் பார்த்தால் நான் அடித்த கொக்கிகள் தெரியும். படத்தைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள், கொக்கி நிற்கும். அந்த ஊர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் என்று சொல்ல அந்தக் கொக்கிகள்தான் இருந்தன. நாள் முழுக்க ஒரு சொல்லும் கதைக்காமல் இரவில் விளக்கை ஊதி நூர்ப்பதற்கு மட்டும் வாயைத் திறந்த நாட்களும் உண்டு.

தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள் ஞானம் அண்ணையின் கடையில் குந்தியிருந்தபோது அவர் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"உன்ரை தபாலதிபர் வீட்டிலை இப்ப ஆக்கள் இருக்கினம், தெரியுமே? குருநகர்ப் பிள்ளை ஒண்டு, கைக்குழந்தையோடை. கடற்கரைப் பக்கம் இருக்கேலாமல் வந்தது. புருஷன்காரன் வள்ளத்திலை போய் அக்கரை அகதி முகாமிலை மாட்டுப்பட்டுப் போனான். தனிய இருக்குது, பாவம். முந்தநாள் அந்தப் பக்கம் போகேக்கை பாத்தன், நடு ஹோலிலை சேலையாலை ஏணை கட்டிக் குழந்தையை ஆட்டிக்கொண்டிருக்குது."

நான் திரும்பக் கேட்டேன்.

"நடு ஹோலிலையோ?"

"ஓம். வேறை எங்கை கட்டிறது? அறையெல்லாம் பூட்டு. கொங்கிறீற் வீட்டிலை கூரைக்கு வளையோ மரமோ கிடக்கு? ஃபான் கொக்கியிலைதான் கட்டியிருக்கும். ஏன்டா முழுசுறாய்?"

சும்மா தொங்குகிற பாரம் வேறு, ஆடுகிற பாரம் வேறு. ஒரு விசிறியின் பாரம்தான் இருக்கும் ஒரு குழந்தை. ஆனால் ஏணை ஆட ஆட அது கொக்கியை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் அசைக்கும். பிடிக்க ஆளில்லாத கொக்கியைப் பிடுங்க அதைவிட நல்ல வழி இல்லை. நாங்கள் ஆணி பிடுங்குவதும் அப்படித்தான், இழுத்துப் பிடுங்குவதில்லை, அசைத்து அசைத்துத்தான்.

உடனே போகவேண்டும் என்று எழும்பினேன். புத்தூருக்குப் போய், வாசற் படலைக்கு முன்னால் சைக்கிளை நிற்பாட்டி, ஆண்துணை இல்லாத வீட்டில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். இதை வாசிக்கிறவர்கள் என்னைத் திட்டினால் திட்டுங்கள். மறுநாளும் போனேன். அன்றைக்கு அவவே கண்டுவிட்டா.

"ஆர் அது? நேத்தும் வந்து படலையைப் பாத்திட்டுப் போனியள். படலை களவெடுக்க யோசினையோ?"

"இல்லை... நான் இந்த வீட்டிலை வேலை செய்தனான். கொக்கி ஆணி அடிச்சனான்."

"அப்ப வாங்கோ, வந்து இருங்கோ. ஒரு மனிசக் குரல் கேட்டு எத்தினை நாளாச்சு."

றெஜினா என்று பெயர் சொன்னா. இருபத்தைந்து வயது இருக்கும். விறாந்தையில் கதிரை போட்டுத் தந்து, தான் வாசற்படியில் இருந்து பழைய வலை ஒன்றை முடிந்துகொண்டு கதைத்தா. கடலே இல்லாத புத்தூரில் ஏன் வலை முடிகிறீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவவே சொன்னா, கை சும்மா இருந்தால் நினைப்பு அக்கரைக்குப் போய்விடுமாம். உள்ளே ஹோலில் இருட்டு, யன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். இருட்டுக்குள் ஏணை மட்டும் வெள்ளையாக ஆடுவது தெரிந்தது. உள்ளே எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நான் விறாந்தை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அண்ணை, முகட்டோடையே கதைக்கிறியள்? நான் இஞ்சை கீழை இருக்கிறன்" என்று சிரித்தா.

"பிள்ளை... ஏணை... கொக்கி எல்லாம் வடிவா நிக்குதோ?"

"ஓ, அதுக்கென்ன. ஒருக்கால் ஆட்டிவிட்டா கனநேரம் ஆடும். நான் ஒரு பக்கம் வலை முடிஞ்சு முடிச்சாலும் அது ஆடிக்கொண்டுதான் கிடக்கும். நல்ல வேலை செய்திருக்கிறியள்."

தேத்தண்ணீர் தந்தா, குடித்தேன், எழும்பி வந்துவிட்டேன். சொல்லவில்லை. நாங்கள் கதைத்த அந்த முக்கால் மணித்தியாலமும் அவ ஏணையைப் போய்த் தொடவில்லை, அது ஆடிக்கொண்டேதான் இருந்தது என்பது வீட்டுக்கு வந்து பாயில் படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். அடைத்த யன்னலால் என்ன காற்று என்றும் நினைத்தேன்.

விடிந்ததும் போனேன். போகும்போது சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். தங்கச்சி, அந்தக் கொக்கியை நான் பிழையாக வைத்தேன், பிள்ளையை உடனே இறக்குங்கோ. ஒன்பது சொல்தான். படலையைத் திறந்தபோது றெஜினா வாளியும் கையுமாக வெளியே வந்துகொண்டிருந்தா.

"நல்ல நேரத்துக்கு வந்தியள் அண்ணை. இந்த வளவுக் கிணறு உப்பு, அடுத்த வளவிலை ரெண்டு வாளி அள்ளிக்கொண்டு ஓடி வாறன். பிள்ளை நித்திரை. உள்ளை போய் இருங்கோ, எழும்பினா ஒருக்கால் ஆட்டிவிடுங்கோ."

"தங்கச்சி, ஒரு கதை..."

"வந்து கதைப்பம், அங்கை பிறகு சனம் வந்திடும்!"

போய்விட்டா. நான் வாசலில் நின்றேன். ஹோல் கதவு காற்றுக்குச் சாத்தாமல் இருக்கக் கீழே ஓர் இரும்பு முட்டுக் கொடுத்திருந்தது. காலில் இடித்துவிடும் என்று குனிந்து பார்த்தேன்.

அது என் கொக்கி.

இரும்பைப் பார்த்து ஆளை அடையாளம் காணலாமோ என்று நீங்கள் கேட்பீர்கள். நான் வளைக்கிற கொக்கிக்குக் கழுத்தில் வாலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவேன், அது ஒரு பழக்கம், வேறு ஆரும் அப்படிச் செய்வதில்லை. அந்தச் சுற்று இருந்தது. வெட்டி நேராக்கிய இரண்டு கையும் இருந்தன. கையில் நான் வைத்த சீமெந்துக் களி ஒரு கத்தரிக்காய் அளவு அப்படியே ஒட்டியிருந்தது. முழுவதும் துருப் பிடித்து, கதவு தேய்ந்த இடம் மட்டும் மினுமினுத்தது. கனகாலமாக அங்கே கிடக்கிறது என்பது பார்த்த உடனே தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தேன்.

ஏணை ஆடிக்கொண்டிருந்தது. தடித்த தும்புக் கயிறு மேலே போனது. கயிறு போன இடத்தில் நான் உளியால் எடுத்த துளை கறுப்பாகத் தெரிந்தது. வேறொன்றும் இல்லை. கம்பி இல்லை, ஆணி இல்லை. கயிற்றின் தலைப்பு அந்தத் துளைக்கு ஓர் அங்குலம் கீழேயே முடிந்திருந்தது. துளைக்கும் கயிற்றுக்கும் நடுவில், அப்பால் முகட்டின் வெள்ளைப் பூச்சு தெரிந்தது. கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று இறுக்கி மூடித் திறந்து பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. கயிறு வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. பாரம் இருக்கிற கயிறுதான் அப்படி நிற்கும்.

பகல் எட்டு மணி. வெளியே கிணற்றுக் கப்பி கிறுகிறுக்கும் சத்தம் கேட்டது. ஆரோ பெண்கள் சிரித்துக் கதைத்தார்கள். நான் நம்பினேனா, பயந்தேனா, ஒன்றும் தெரியாது, பிள்ளை விழப்போகிறது என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது. கத்தினால் விழுந்துவிடும், ஓடினால் விழுந்துவிடும், மூச்சு விட்டாலும் விழுந்துவிடும் என்று இருந்தது. சின்னச் சின்ன அடியாக வைத்துப் போய், ஏணைக்குக் கீழே முழங்காலில் இருந்து, இரண்டு கையையும் நீட்டினேன். ஏணை என்னிடம் வந்தது, போனது, வந்தது. மூன்றாம் தரம் வந்தபோது போகவில்லை. அங்கேயே நின்றது.

நான் அதுவரை ஒரு குழந்தையையும் தூக்கியதில்லை. ஆரும் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. சேலையை விலக்கிக் கையைக் கீழே கொடுத்தேன். பாரம் ஒரேயடியாக என் கையில் இறங்கவில்லை. முதலில் கொஞ்சம், பிறகு கொஞ்சம். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் குழந்தையை வாங்கும்போது, கொடுக்கிறவர் உடனே விடமாட்டார், வாங்குகிறவர் தலையைச் சரியாகப் பிடித்துவிட்டாரா என்று பார்த்து, பிறகுதான் தன் கையை எடுப்பார். நான் தலையைப் பிடித்த பிடி சரியில்லை. எனக்குத் தெரியும், சரியில்லை. நான் கையை மாற்றிப் பிடிக்கும்வரை பாரம் முழுதாக இறங்கவில்லை.

பிடித்ததும் கயிறு விழுந்தது. சத்தமில்லாமல் என் தோளில் விழுந்து தரையில் சரிந்தது.

பிள்ளை கண் விழித்தது. அழவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை, என் தோளுக்கு மேலால் பார்த்துச் சிரித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எழும்பிப் பின்பக்கமாகவே நடந்து விறாந்தைக்கு வந்துவிட்டேன்.

றெஜினா தண்ணீரோடு வந்தபோது நான் பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு படியில் இருந்தேன். "எழும்பிட்டானோ? அட, உங்களட்டை அழாமல் இருக்கிறான்!" என்றவ, பிறகு என் முகத்தைப் பார்த்தா. வாளியை வைத்துவிட்டு உள்ளே ஓடி, விழுந்து கிடந்த கயிற்றைக் கண்டு வாசலுக்கு வந்தா. நான் பழகிவந்த ஒன்பது சொல்லும் மறந்துபோய், அன்றைக்குச் சனிக்கிழமையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஆரோடும் கதைத்ததில்லை.

அவ வந்து பிள்ளையைப் பறித்து எடுத்தா.

"எட்டு வருசம்! எட்டு வருசமா வாயைப் பொத்திக்கொண்டு இருந்தியளோ? நேத்தும் வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனியளே, அண்ணை! பிள்ளை அதுக்குள்ளை கிடந்தவன். உங்கடை வெக்கம் பெரிசோ, என்ரை பிள்ளை பெரிசோ?"

"உங்கடை பிள்ளைதான்."

"அதை நேத்துச் சொல்லியிருக்கோணும்!"

அவ அழுது முடித்தா. பிறகு, "இந்தக் கயிறு ஆர் கட்டினது தங்கச்சி?" என்று கேட்டேன்.

"நான் இல்லை. நான் வரேக்கை தொங்கிக்கொண்டுதான் கிடந்தது. முன்னம் இருந்த ஆரும் கட்டினது எண்டு நினைச்சன். சேலையை மட்டும்தான் நான் போட்டனான். அந்த இரும்பு கதவடியிலை கிடந்தது, நல்ல பாரமா இருக்கு எண்டு முட்டுக் குடுத்தன். நான் வந்து நாலு மாசம்."

அந்த நாலு மாதமும் அவ ஒருநாளும் மேலே பார்க்கவில்லை. ஆர் பார்க்கிறார்கள், நான்தான் பார்ப்பேன்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கயிற்றை எடுத்தா. கயிறு அவவுக்குத் தெரிந்த சாமான், தகப்பனும் புருஷனும் கடலுக்குப் போனவர்கள். மேல் தலைப்பைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, விரலால் உருட்டி, இழைகளைப் பிரித்துப் பார்த்தா.

"அண்ணை, இது முடிஞ்ச கயிறில்லை. ஒருக்கால் முடிச்சுப் போட்டா, பேந்து அவிட்டாலும் அந்த இடம் நெளிஞ்சுதான் நிக்கும். இது நேரா நிக்குது. இந்தத் தலைப்பு ஒருநாளும் ஒண்டிலையும் கட்டுப்படேல்லை."

அவ தலைப்பைத் திரும்பவும் எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தா. என்ன மணம் என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்குள் கிடந்து அரிக்கிறது. கேட்டிருக்கலாம். ஏனென்றால் மணந்து பார்த்த பிறகு அவவின் முகத்தில் பயம் இருக்கவில்லை.

சமைக்கிற குசினி ஓட்டுக் கூரை, அங்கே நல்ல பனை வளை இருந்தது. அன்றைக்கே புதுக் கயிற்றை வளையைச் சுற்றிக் கட்டி, நானே தொங்கிப் பார்த்து, ஏணையை அங்கே மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை, சீமெந்து எங்கும் கிடையாதபடியால், நீறிய சுண்ணாம்பைப் பனங்கட்டித் தண்ணீரில் குழைத்து, அந்தத் துளையை அடைப்பதற்காகக் கொண்டுபோனேன். றெஜினா வாசலில் நின்றுகொண்டு, "வேண்டாம் அண்ணை, அது அப்பிடியே கிடக்கட்டும்" என்றா. அவவின் கையில் வலையோடு சேர்த்து அந்தப் பழைய கயிறும் இருந்தது. வாளியைத் திரும்பச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு மருதனார்மடத்துக்கு வந்து, சுண்ணாம்பை வேலியோரம் கொட்டினேன்.